அப்பா விட்டுப்போன மாத்திரைப் பையை என்ன செய்வது?

கேள்வி வியாசர்பாடியிலிருந்து வந்திருக்கிறது. அப்பா புற்றுநோயில் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவருக்கு வாங்கிய மருந்தெல்லாம் ஒரு மஞ்சப்பை நிறைய அலமாரியில் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குத் தினமும் பிரஷர் மாத்திரை, இரவில் தூக்க மாத்திரை. பிளஸ் டூ முடித்த தம்பி வீட்டில் இருக்கிறான். போன வாரம் பையைத் திறந்தபோது வலி மாத்திரை அட்டை ஒன்றில் குறைவாக இருப்பதுபோலத் தோன்றியிருக்கிறது. "இதையெல்லாம் எங்கே வைப்பது, எப்படித் தூக்கிப் போடுவது, எதிர்வீட்டு அத்தைக்கு முட்டிவலி, அவங்களுக்காவது கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் 22 வருடம் நின்றிருக்கிறேன். நீங்கள் சொல்கிற பை எனக்கு நன்றாகத் தெரியும், ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அத்தைக்குக் கொடுக்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறேன். தூக்கிப் போடுகிற வேலை ஒரு வாரம் கழித்துக்கூட நடக்கலாம், ஆனால் எண்ணுவதும் பூட்டுவதும் இன்றைக்கு ராத்திரியே நடக்க வேண்டும்.

"குறைவாக இருப்பதுபோல" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சிலிண்டர் எந்தத் தேதியில் மாற்றினோம் என்று காலண்டரில் குறித்து வைக்கிறோம், சீட்டு எத்தனை மாதம் கட்டியாயிற்று என்று கேட்டால் விரல்விட்டுச் சொல்வோம், பீரோவில் ஒரு மோதிரத்தைக் காணோம் என்றால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. மாத்திரையை மட்டும் எண்ணுவதே இல்லை. எண்ணாத பொருளில் இரண்டு குறைந்தால் யாருக்கும் தெரியாது, எடுக்கிற பிள்ளைக்கு அதுவும் தெரியும். நீங்கள் இப்போது தம்பியைச் சந்தேகப்படவும் முடியாமல், விடவும் முடியாமல் தவிப்பதற்குக் காரணம் எண்ணிக்கை இல்லாததுதான்.

சரி, எப்படி எண்ணுவது? தரையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, பையை அதில் கவிழ்த்து, டியூப் லைட்டுக்கு அடியில் உட்காருங்கள். அட்டைகளைப் பெயர்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எக்ஸ்பைரி எப்போது என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் இன்றைய தேதியும் எண்ணிக்கையும் எழுதிவிடுங்கள். சிரப் பாட்டிலென்றால் மருந்து நிற்கிற மட்டத்தில் வெளிப்புறம் ஒரு கோடு. அரசு மருத்துவமனையில் வாங்கியவை சின்னச் சின்னக் காகிதக் கவரில் உதிரியாக இருக்கும், மேலே 1-0-1 என்றோ, மூன்று கோடு போட்டோ காலை இரவு குறித்திருப்பார்கள், ஆனால் உள்ளே இருக்கிற மாத்திரையின் பெயர் எங்கேயும் இருக்காது. அப்படிப் பெயர் தெரியாத எதையும் ஆபத்தான மாத்திரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது எக்ஸ்பைரி அச்சடித்த முனை கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அடுத்த தடவை வாங்கும்போது தேதி இருக்கிற முனையைக் கேளுங்கள், இல்லையென்றால் தேதியைப் பார்த்துக் கவர்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

பிரிக்கும்போது அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதற்குமேல், மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் ஆர்எக்ஸ் (Rx) என்ற குறிக்கு முன்னால் ஒரு என் சேர்ந்து, என்ஆர்எக்ஸ் (NRx) என்று சிவப்பில் இருந்தால், அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிற மருந்து. அந்த அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். அப்பாவின் பையில் அநேகமாக டிரமடால், டேபென்டடால், மார்ஃபின் மாதிரி ஏதாவது இருக்கும், நரம்பு எரிச்சலுக்குப் பிரிகாபலின் கொடுத்திருப்பார்கள், என்ஆர்எக்ஸ் குறி இல்லாவிட்டாலும் இவற்றையும் அதோடு சேருங்கள். அம்மாவின் தூக்க மாத்திரை அல்பிரசோலமாகவோ, குளோனசெபமாகவோ, நைட்ரசெபமாகவோ இருக்கலாம். கோடீன் சேர்ந்த இருமல் மருந்து இருந்தால் அதுவும் இந்தப் பக்கம்தான். வலி நிவாரண மாத்திரையைப் போதைக்காக விற்றதாகச் செய்தியில் அடிக்கடி வருகிறதே, அதெல்லாம் இந்தக் குடும்பத்து மாத்திரைகள்தான்.

அந்தச் செய்திகளில் புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று நம் ஊர்ப் பெயர் வருகிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது, ஏதோ வடசென்னைப் பையன்கள் என்றாலே இப்படித்தான் என்று படிக்கிறவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தெருவைப் பார்த்து வருகிற பிரச்சினை இல்லை. 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குள் சுமார் 1.18 கோடிப் பேர் தூக்க, மயக்க வகை மருந்துகளைச் சீட்டு இல்லாமல், நோய்க்கு இல்லாமல் எடுக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னது. அவ்வளவு பேரும் ஒரே ஏரியாவில் இருக்க முடியாது. டிரமடாலும் அல்பிரசோலமும் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணை மருந்தை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். கடையில் இவ்வளவு காவல். அதே அட்டை கடைப்படியைத் தாண்டி உங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு வந்த பிறகு ஒரு காவலும் இல்லை. அமெரிக்காவில் வருடா வருடம் இதைக் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். வலி மாத்திரையைத் தவறாக எடுத்தவர்களில் பெரும் பங்கினருக்கு அது கிடைத்தது நண்பர் வீட்டிலோ உறவினரிடமோதான்.

ஏன் சேர்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. காசு கொடுத்து வாங்கினது. ஒரு நாள் கூலியைக் கொடுத்து ஓர் அட்டை வாங்கினவர், நோய் தீர்ந்துவிட்டது, இனி எறி என்றால் எப்படி எறிவார்? "கிடக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்று அலமாரிக்குள் போகிறது. உங்கள் வீட்டில் அதற்குமேலும் ஒன்று இருக்கும். அந்தக் கவரில் அப்பாவின் பெயர் எழுதியிருக்கும், கடைசி மாதங்களில் வேளை தவறாமல் நீங்கள் எடுத்துக் கொடுத்த மாத்திரை அது. எறிய மனசு வராது. ஒரு அம்மா கணவர் இறந்து ஒன்றரை வருடம் கழித்துப் பையைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, "இதுல எது நல்லாருக்குன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, அவர் ஒவ்வொன்றும் எந்த நாள் வாங்கியது, அன்றைக்கு அவருக்கு எப்படி வலித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் வெறும் கவரை மட்டும் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். கவரை வைத்துக்கொள்ளலாம். மாத்திரைதான் வீட்டில் இருக்கக் கூடாது.

எதிர்வீட்டு அத்தை விஷயம். முட்டிவலி என்பது ஒரே நோய் இல்லை. புற்றுநோய் வலிக்கு அப்பாவுக்குக் கொடுத்தது உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய பிறகு ஏற்றிய அளவு. அதையே அதுவரை அந்த வகை மாத்திரையைத் தொடாத அறுபது வயது அம்மா போட்டால் தலைசுற்றல், வாந்தி, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவு வரை போகலாம். அத்தை ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுகிறவராக இருந்தால் இரண்டும் சேர்ந்து மூச்சையே மெதுவாக்கிவிடும். மூட்டுவலிக்கு வழக்கமாகக் கொடுக்கிற டைக்ளோஃபெனாக்கே சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது, சுகரும் பிரஷரும் உள்ள எத்தனை பேருக்குத் தங்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் அளவு தெரியும்? ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களும், காசிமேட்டில் விடிய விடிய ஐஸ் பெட்டி இழுக்கிறவர்களும் வலி தாங்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு வேலைக்குப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் போதைக்குப் போடுவதில்லை, அடுத்த நாள் கூலிக்குப் போடுகிறார்கள். ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சில வாரம் விடாமல் போட்டால் நிறுத்த முடியாமல் போய்விடும். அன்பாகத்தான் கொடுக்கிறோம், கொடுத்த பிறகு அது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது. அத்தையை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓ.பி.யில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அது பெரிய உதவி.

இப்போது வைக்கிற இடம். "குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று அட்டைக்கு அட்டை அச்சடித்திருப்பார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில், எட்டாத இடம் எங்கே இருக்கிறது? இரண்டு வயதுக் குழந்தை நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறும். பதினேழு வயதுப் பையனுக்கு எட்டாத உயரம் என்று ஒன்று கிடையாது. உயரத்தை விட்டுவிட்டுப் பூட்டை யோசியுங்கள். பீரோவில் நகை வைக்கிற உள்லாக்கர் இருந்தால் அதில் வைக்கலாம். பீரோ சாவியே கதவில் தொங்குகிற வீடென்றால் சின்னப் பணப்பெட்டி ஒன்று வாங்குங்கள், சாவி மாத்திரை போடுகிறவரிடமோ கொடுக்கிறவரிடமோ மட்டும் இருக்கட்டும். எல்லா மாத்திரையையும் பூட்டினால் அம்மா பிரஷர் மாத்திரை போடாமலே விட்டுவிடுவார், அதுவும் ஆபத்து. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய பிரஷர், சுகர் மாத்திரைகளை ஏழு அறை உள்ள டப்பாவில் வெளியே வையுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம், ஆனால் பழையது தீராமலே புதியது வந்து சேர்ந்துகொண்டிருந்தால் கொண்டுவருகிறவரிடம் சொல்லிவிடுங்கள், வாங்கி அடுக்காதீர்கள். தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் ஒரு வேளைக்கு ஒன்றாக வெளியே எடுங்கள், மீதி உள்ளேயே இருக்கட்டும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. எல்லோரும் தூக்க மாத்திரையைத்தான் பயப்படுகிறார்கள், கர்ப்பிணிக்குக் கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை யாரும் பயப்படுவதில்லை. சத்து மாத்திரைதானே என்று சாமி படத்துக்கு முன்னால்கூட வைத்திருப்பார்கள். பளபளவென்று ஜெம்ஸ் மிட்டாய் மாதிரி இருக்கும், சில மாத்திரைக்கு மேல்பூச்சு இனிப்பாகவே இருக்கும். நாலைந்து விழுங்கினால்கூடச் சின்னக் குழந்தைக்கு வயிற்றில் ரத்தக்கசிவு, ஈரல் பாதிப்பு என்று போகலாம். முதலில் வாந்தி எடுத்துவிட்டு நடுவில் சில மணி நேரம் தெளிவாக விளையாடும், "சரியாயிடுச்சு" என்று பெற்றோர் நினைப்பார்கள், பிறகுதான் விழும். குழந்தை எந்த மாத்திரையை விழுங்கியிருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்து கொடுக்கும்போது "மிட்டாய்டா செல்லம்" என்று சொல்லிப் பழக்காதீர்கள்.

சூடும் ஈரமும் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான மாத்திரைகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாதம் அது நடக்கிற காரியம் இல்லை, இருந்தாலும் அடுப்புக்குமேல் உள்ள ஷெல்ஃப், ஃபிரிட்ஜின் தலைமேல், பாத்ரூம் இந்த மூன்றையும் தவிர்த்தால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூரப் போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் இன்சுலினைப் பாதுகாத்தவர்களைப் பார்த்தேன், நல்ல யோசனை அது. வெள்ளத் தண்ணீர் பட்ட மாத்திரை, அட்டை பிரியாமல் இருந்தாலும், வேண்டாம்.

தம்பியிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்வியில் அவன் இருக்கிறான். குறைந்தது உண்மையா என்றே தெரியாது. அப்பாவே கடைசி நாட்களில் கூடுதலாக ஒன்று போட்டிருக்கலாம், அம்மா முட்டிவலிக்கு எடுத்திருக்கலாம். முதலில் அம்மாவிடம் கேளுங்கள். எண்ணிப் பூட்டிய பிறகு தம்பியிடம் நேராகவே சொல்லுங்கள்: "அப்பா மாத்திரையை எண்ணிப் பூட்டி வெச்சிருக்கேன், அதுல சிலது உயிருக்கே ஆபத்து, எல்லார் வீட்டுலயும் செய்ய வேண்டியது, உன்மேல சந்தேகப்பட்டு இல்ல." அவ்வளவு போதும். சட்டைப்பையைச் சோதிப்பது, நண்பர்கள் முன்னால் கேட்பது, போலீஸ் என்று மிரட்டுவது எதுவும் வேண்டாம். அப்பாவை இழந்த பையன், தூக்கம் வராமல் ஒரு மாத்திரை போட்டுப் பார்த்திருந்தால்கூட அவனுக்கு இப்போது தேவை பேச ஓர் ஆள். தேர்வு முடிவு வருகிற நாட்களிலும் வீட்டில் யாராவது மனசு ஒடிந்து இருக்கிறபோதும் இந்தப் பூட்டு வேறு விதத்திலும் உயிரைக் காப்பாற்றும். விபரீத எண்ணம் பல பேருக்குச் சில நிமிடங்களில் உச்சத்துக்கு வந்து தணிகிற ஒன்று, அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது பெரிய வித்தியாசம். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், தமிழக அரசின் உதவி எண் 104-ம் இருக்கிறது. பழக்கமாகிவிட்டது என்று தெரிந்தால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. நேரில் போக வேண்டுமென்றால் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-லிருந்து இருக்கிறது, அங்கே போதை மீட்பு சிகிச்சையும் உண்டு. போனால் கேஸ் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். பயன்படுத்துகிறவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் அவரைப் பாதுகாக்க போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது.

இனி தூக்கிப் போடுவது. 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் காலாவதியான மருந்து, ஊசி, உடைந்த தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துச் சொல்லின. மக்கும் குப்பை, மக்காத குப்பையோடு சேர்க்காமல் தனியே கொடுக்க வேண்டியது. நடைமுறையில் காலையில் பேட்டரி வண்டி விசிலடித்துக்கொண்டு வரும்போது எல்லாம் ஒரே பையில் போய்விடுகிறது. போய்ச் சேருகிற இடம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. அங்கே குப்பையைக் கிளறிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். முழுசாக ஓர் அட்டை மாத்திரையை நீங்கள் எறிந்தால் அதைக் கையில் எடுக்கப்போகிறவர் யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சரி, கழிவறையில் கொட்டிவிடலாம் என்றால் அந்தத் தண்ணீர் போகிற சுத்திகரிப்பு நிலையமும் கொடுங்கையூரில்தான் இருக்கிறது, மருந்தின் எல்லாக் கூறுகளையும் அது பிரித்தெடுப்பதில்லை. குறிப்பாக ஆன்டிபயாடிக்கைக் கொட்டினால், கால்வாயிலும் கடலிலும் இருக்கிற கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிக்கொள்ளும். நாளைக்கு நமக்கே காய்ச்சல் வரும்போது அது வேலை செய்யாது.

அதனால் முதல் வழி திருப்பிக் கொடுப்பது. அப்பாவுக்கு மார்ஃபின் கொடுத்த மருத்துவமனை அல்லது வலி நிவாரண சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்து, மிச்சம் இவ்வளவு இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். கீமோ மாத்திரை மிச்சம் இருந்தால் அதையும் அங்கேயேதான், வெறுங்கையால் தொடாதீர்கள். மருத்துவமனைகளில் காலாவதி மருந்தை மஞ்சள் பையில் போட்டு எரியூட்டும் ஆலைக்கு அனுப்புகிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் மருந்துக்கடையிலும் கேட்டுப் பாருங்கள், சிலர் அழிப்பதற்கென்று வாங்கிக்கொள்வார்கள். காசைத் திருப்பிக் கேட்காதீர்கள். வெளியே போய் வந்த அட்டை எந்தச் சூட்டில் கிடந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அதை இன்னொருவருக்கு விற்பது பாவம். கேரளத்தில் என்-ப்ரௌட் என்ற பெயரில் 2025-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்து வீட்டு மருந்துகளைத் திரும்பச் சேகரிக்கிறார்கள், அமெரிக்காவில் 2010-லிருந்து வருடம் இரண்டு தடவை ஒரு நாள் ஒதுக்கி வாங்குகிறார்கள். நம் மாநகராட்சியும் தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் வார்டுக்கு ஒரு பூட்டிய பெட்டி வைத்தால் போதும், பெரிய செலவில்லை. கவுன்சிலரைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

திருப்பிக் கொடுக்க வழியே இல்லையென்றால்? இங்கேதான் என்ஆர்எக்ஸ் அட்டைகளைத் தனியாக வைக்கச் சொன்னதன் காரணம் வருகிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 17 மருந்துகளை மட்டும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறது. மார்ஃபின், டிரமடால், டேபென்டடால், ஃபென்டனில், புப்ரெனார்ஃபின், டயஸெபம் அதில் அடக்கம். தவறான ஒருவர் ஒரே ஒரு தடவை எடுத்தாலே உயிர் போகக்கூடியவை, வீட்டில் ஒரு நாள் கூடுதலாகக் கிடப்பதைவிடத் தண்ணீரில் போவது மேல் என்பது அதன் கணக்கு, எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஃபென்டனில் பட்டை என்றால் ஒட்டுகிற பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் போடுங்கள். தோலில் ஒட்டிக் கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும், அதைக் குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டால் ஆபத்து. அல்பிரசோலம் மாதிரி மற்றத் தூக்க மாத்திரைகள் அந்தப் பட்டியலில் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லவே இல்லை, அதனால் பை முழுவதையும் கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள்.

மற்ற மாத்திரைகளுக்கு நான் செய்கிற முறை இது. அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய பால் கவரில் போட்டு, டீ வடிகட்டிய சக்கையும் கொஞ்சம் மண்ணும் சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்துவிடுவேன். பார்த்தால் யாருக்கும் எடுக்கத் தோன்றாது, நாயும் முகராது. மாத்திரையைப் பொடி செய்ய வேண்டியதில்லை, பொடி மூக்கில் ஏறும். கவரை இறுக முடிச்சுப் போட்டு, இன்னொரு கவருக்குள் வைத்து, வண்டி வரும்போது தூய்மைப் பணியாளர் கையில் "இது கெட்டுப்போன மருந்தும்மா, தனியா வைங்க" என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். காலி அட்டையைக் கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுவேன். கவரில் உள்ள நோயாளி பெயரையும் ஓ.பி. எண்ணையும் பேனாவால் அடித்துவிடுவேன். சிரப்பையும் இதே சக்கையில் ஊற்றி, பாட்டில் லேபிளைக் கிழித்த பிறகுதான் காயலான் கடைக்குப் போட வேண்டும், லேபிளோடு போனால் அதில் வேறு எதையாவது நிரப்பி விற்க ஆள் இருக்கிறது. இன்சுலின் ஊசியைத் திக்கான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, ஊசி என்று எழுதிக் கொடுங்கள். வெறும் கையால் குப்பை பிரிக்கிறவர்களின் விரலில் ஏறுகிற ஊசி நம் வீட்டு ஊசி. போகிக்குக் கொளுத்துகிற குவியலில் மருந்துப் பையைப் போடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அட்டையின் பிளாஸ்டிக் புகை ஒரு பக்கம், உள்ளே இன்ஹேலர் கிடந்தால் வெடிக்கும்.

அம்மாவின் தூக்க மாத்திரையைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுப் பயத்தில் அதை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல மாதமாகப் போடுகிறவர் திடீரென்று விட்டால் கை நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அதேபோல, வலியில் துடிக்கிற நோயாளி இருக்கிற வேறு யாராவது இதைப் படித்தால், மார்ஃபின் என்றவுடன் மிரண்டு கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். அந்த மருந்து நோயாளிகளுக்குத் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்றுதான் 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். டாக்டர் சொன்ன அளவில், பூட்டி வைத்து, எண்ணிக் கொடுங்கள்.

வீட்டில் யாராவது எழுப்பினால் எழாமல், குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சு விட்டு, உதடு நீலம் பாய்ந்து, கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அட்டையைக் கூடவே கொண்டுபோங்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காதீர்கள். இந்த வலி மாத்திரைகளின் வேகத்தை முறிக்க நலாக்சோன் என்ற ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நேரத்துக்குப் போட்டால் நிமிடங்களில் மூச்சு திரும்பும்.

இன்றைக்கு ராத்திரி எண்ணி முடித்ததும் அந்த நோட்டுப் பக்கத்தில் உள்ள பெயர்களை மில்லிகிராமோடு இங்கேயே எழுதுங்கள், அம்மா இப்போது போடுகிறவற்றைத் தனியாகக் குறித்து. எது பூட்டுக்குள் இருக்க வேண்டும், எது மருத்துவமனைக்குத் திரும்பப் போக வேண்டும், எதை டீச்சக்கையில் பிசையலாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.